குட்டிக் கப்பி... எட்டிப் பாயும் படகு!

குட்டீஸ், கிணற்றில் கப்பி போட்டுத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒலிம்பிக் பாய்மரப் படகுகள் அலைகளில் பறப்பதும் கப்பிகளை நம்பித்தான்!

'ஃபார்ட்டி நைனர்' என்று ஒரு பந்தயப் படகு. நீளம் 4.99 மீட்டர். பெயர் வந்தது அதனால்தான்! இன்ஜின் கிடையாது. ஓட்டுபவர்கள் இரண்டே பேர். பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் இடுப்பைக் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு, படகுக்கு வெளியே சாய்ந்து நிற்பார்கள். கீழே கடல்! சென்னை வீரர்கள் கே.சி.கணபதியும் வருண் தக்கரும் இந்தப் படகில்தான் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார்கள்.

போட்டியில் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படகுதான். 2008-ல், சீனாவின் சிங்தாவ் நகரில் ஒலிம்பிக் இறுதிப் பந்தயத்துக்குக் கிளம்பிய டென்மார்க் வீரர்களின் பாய்மரம் முறிந்துவிட்டது. அவசரமாக குரோஷியா வீரர்களின் படகை இரவல் வாங்கி ஓட்டினார்கள். தங்கமும் வென்றார்கள்!

அப்படியானால் வீரர்கள் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? கப்பி, கயிறு போன்ற சின்னச் சாமான்கள்தான். அதுவும் விதிகளுக்கு உட்பட்டு.

பாய் 40 கிலோ பலத்தோடு கயிற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கயிறு நான்கு இழையாக ஓடும்படி கப்பிகளை அமைத்தால், உராய்வைச் சேர்க்காமல், 10 கிலோ பலமே போதும். 'எட்டு இழை போட்டால் 5 கிலோதானே!' என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். நான்கு இழையில் பாயை 1 மீட்டர் நகர்த்த 4 மீட்டர் கயிறு ஓட வேண்டும். எட்டு இழையில் 8 மீட்டர்! திடீரென்று காற்று வேகமாக அடித்தால் பாயைச் சட்டென்று தளர்த்த வேண்டும். அவ்வளவு கயிறு ஓடி முடிப்பதற்குள் படகு கவிழ்ந்துவிடும். அதனால், கை தாங்கும் அளவுக்குக் குறைவான இழைகளே நல்லது.

அடுத்த எதிரி, உராய்வு. 1960-களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பீட்டர் ஹார்க்கன் என்பவர் கப்பிக்குள் பிளாஸ்டிக் குண்டுகளைப் போட்டார். சைக்கிள் சக்கரத்தில் பால்ரஸ் இருக்குமே, அதே யோசனை! எடை குறைவு, உப்புத் தண்ணீரில் துருவும் பிடிக்காது. ஆனால், எல்லா இடத்துக்கும் இது ஒத்துவராது. நகராமல் ஒரே இடத்தில் பெரும் பாரத்தைத் தாங்கினால் குண்டுகள் நசுங்கிவிடும். அங்கே குண்டு இல்லாத சாதாரணக் கப்பிதான் கில்லாடி.

எல்லாவற்றிலும் சின்னது, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாட்டும் 'பின்'. அது நழுவாமல் இருக்க ஒரு குட்டி வளையம் போடுவார்கள். வளையம் எதிலாவது சிக்கிக் கழன்றால், பின் நழுவி, பாய்மரமே சாய்ந்துவிடும். அதனால் அதன்மேல் டேப் சுற்றிவிட்டுத்தான் கடலில் இறங்குவார்கள்.

ஒரு சோதனை செய்து பார்ப்போமா? இரண்டு நண்பர்களை எதிரெதிரே நிற்கவைத்து, ஆளுக்கொரு வழவழப்பான கம்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கம்பில் கயிற்றைக் கட்டி, இரண்டு கம்புகளுக்கும் இடையே நான்கு முறை மாற்றி மாற்றிச் சுற்றி, மறுமுனையை மெதுவாக இழுங்கள். இரண்டு பேரையும் நீங்கள் ஒருவராகவே இழுத்துவிடலாம்! கம்புகள் ஒன்றையொன்று நெருங்கும்போது விரல்கள் பத்திரம்!