குற்றம் லாகர்மேல் இல்லை

நுரையின் வரலாறு – 9

சென்ற வாரம் லண்டன் போர்ட்டரைப் பற்றி எழுதினேன். கறுத்த பீர்கள்மேல் எனக்குள்ள பிரியம் அதில் நன்றாகவே தெரிந்திருக்கும். இந்த வாரம் எதிர்முனைக்கு வருகிறேன். உலகம் இன்று குடிக்கும் பீரில் மிகப் பெரும்பகுதியான வெளிர்மஞ்சள் லாகர்தான் பேச்சு.

பீரில் ருசி தேடத் தொடங்கியவர்கள் முதலில் பழகிக்கொள்வது லாகரை இகழ்வதைத்தான். ஐபிஏ குடிப்பார்கள், பெல்ஜியத் துறவிகளின் பீரைத் தேடிப் போவார்கள், லாகர் என்றதும் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி பெரும் அநியாயம். என்னைக் கேட்டால், மற்ற எல்லா வகைகளுக்கும் முன்னால் நான் வைப்பது நன்றாகக் காய்ச்சிய பில்ஸ்னர் என்னும் வெளிர் லாகரைத்தான். வறுத்த பார்லியின் புகைக்கசப்பு இருக்கும் ஸ்டவுட்டில் சிறு பிழைகள் ஒளிந்துகொள்ளும். கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களை அள்ளிப் போட்ட ஐபிஏவிலும் அப்படியே. பில்ஸ்னரில் ஒளிய இடமே கிடையாது. தண்ணீர் சரியில்லை என்றாலும், ஈஸ்ட் களைத்துப்போயிருந்தாலும், ஒரு வாரம் முன்னதாகவே பீப்பாயைத் திறந்துவிட்டாலும் முதல் மடக்கிலேயே நாக்கு சொல்லிவிடும். இதைக் காய்ச்சக் கற்றவர் எதையும் காய்ச்சுவார் என்பது என் எண்ணம்.

இது பிறந்த ஊர் பொஹீமியாவின் பில்சன். 1295இல் அந்த நகரம் உருவானபோதே 260 குடும்பங்களுக்குப் பீர் காய்ச்சும் உரிமை தரப்பட்டது. உரிமை இருந்ததே தவிர, பீர் நன்றாக இல்லை. 1838இல் முப்பத்தாறு பீப்பாய் கெட்டுப்போன பீரை நகர மண்டபத்தின் முன்னால் எல்லோரும் பார்க்கக் கொட்டினார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு உரிமையுள்ள குடிகள் ஒன்றுகூடி, தங்களுக்குப் பொதுவாக ஓர் ஆலை கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். கட்டடம் எழுப்பும் பொறுப்பு மார்ட்டின் ஸ்டெல்ஸரிடம் போனது. காய்ச்ச ஆள் பவேரியாவிலிருந்து வந்தார். வில்ஸ்ஹோஃபன் ஊர்க்காரர், யோசஃப் குரோல், வயது இருபத்தொன்பது. 1842 அக்டோபர் 5ஆம் தேதி அவர் முதல் கொப்பரையை ஏற்றினார். நவம்பர் 11ஆம் தேதி, புனித மார்ட்டின் திருநாளில், ஊர் அதைக் குடித்துப் பார்த்தது.

குரோல் கையில் இருந்தது எதுவுமே தனித்தனியாகப் புதிதல்ல. பவேரியாவில் குளிரில் மெதுவாக நொதித்துத் தொட்டியின் அடியில் படியும் ஈஸ்ட்டை அவருடைய முன்னோர் நெடுங்காலமாகப் பழகியிருந்தார்கள். ஆனால் பவேரிய லாகர் பழுப்பு நிறம். நேரடி நெருப்பிலும் புகையிலும் முளைப்பார்லியைக் காய வைத்ததுதான் காரணம். ஆங்கிலேயர்களோ புகை படாத வெறும் சூடான காற்றில் அதை உலர்த்தி வெளுப்பான மால்ட் எடுத்தார்கள்; அதைக் கொண்டு ஏல் காய்ச்சினார்கள். இந்த இரண்டும் பில்சனில் சந்தித்தன. கூடவே அந்த ஊருக்கே சொந்தமான இரண்டு வரங்கள். ஒன்று, உப்புகள் மிகக் குறைந்த மென்மையான தண்ணீர். கடினமான தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு முரட்டுத்தனமாக அறையும். இந்தத் தண்ணீரில் அது வந்து, நின்று, சொல்லிக்கொண்டு போகும். இன்னொன்று, பக்கத்து ஜாட்டெட்ஸ் வட்டாரத்தின் சாஸ் ஹாப்ஸ். மிளகும் ஈரப் புல்லும் கலந்தது போன்ற மணம். அந்த ஹாப்ஸ் வயல்களையும் உலர்த்தும் கூடங்களையும் 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த மணத்தை அறிந்தவனுக்கு அது தாமதமாக வந்த மரியாதை என்றே படுகிறது.

குரோல் ஊரில் நீடிக்கவில்லை. 1845இல் ஒப்பந்தம் முடிந்ததும் வில்ஸ்ஹோஃபனுக்கே திரும்பிவிட்டார். அவர் விட்டுச்சென்ற முறை நின்றது. மால்ட்டும் வெந்நீரும் சேர்ந்த கூழில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து, அடியில் நெருப்பு எரியும் செப்புக் கொப்பரையில் கொதிக்கவிட்டு, மீண்டும் தாய்க்கூழில் சேர்ப்பார்கள். இப்படி மூன்று முறை. நேரமும் எரிபொருளும் தின்னும் வேலை இது. இன்றைய மால்ட்டுக்கு இது தேவையே இல்லை என்று சொல்லும் தொழில்நுட்பர்கள் உண்டு. ஆனால் அந்தக் கொதியில்தான் வெளிர் மால்ட்டுக்கு ஒரு பொன்னிறமும், பிஸ்கட் விளிம்பின் இனிப்பும் வருகின்றன. குரோல் காய்ச்சிய அந்த ஆலை, இன்றைய பில்ஸ்னர் உர்க்வெல், இன்றும் அதை விடவில்லை. அதன் நிலத்தடியில் மணற்பாறையைக் குடைந்த சுரங்க அறைகள் கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர் நீள்கின்றன. 1990களில் எஃகுத் தொட்டிகள் வந்துவிட்டபோதும், கொஞ்சம் பீரை அங்கே மரப் பீப்பாயில் பழைய முறைப்படி வைத்துக் காக்கிறார்கள். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு அதை வடிகட்டாமல் பிடித்துத் தருவார்கள். லேசாகக் கலங்கிய அந்தக் கிளாஸில் ரொட்டியும் கசப்பும் ஒன்றையொன்று தள்ளாமல் அருகருகே நிற்கும். பின்னால் மெல்லிய வெண்ணெய் வாசம் ஒன்று. பாடப்புத்தகப்படி அது ஒரு குறை. எனக்கோ அது இல்லாமல் பில்சன் பில்சன் இல்லை.

இப்படித் தொடங்கிய ஒன்று எப்படி இன்றைய டின் லாகர் ஆனது? அறிவியலைப் பழிப்பது சுலபம். ஆனால் அறிவியல் இந்த பீருக்கு நல்லதே செய்தது. ஜெர்மனியின் கார்ல் ஃபான் லிண்டே 1870களில் குளிர்விக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்தார்; குளிர்காலத்தையும் பனிக்கட்டியையும் நம்பியிருந்த லாகரை எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் காய்ச்சலாம் என்றானது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். அதை அந்த ஆலை பூட்டி வைக்கவில்லை, மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. கெட்டுப்போன பீரைத் தெருவில் கொட்டும் காலம் அதோடு முடிந்தது. இன்று எந்த மூலையில் எந்த லாகரைத் திறந்தாலும் புளித்துப் போயிருக்காது என்ற நிச்சயத்துக்கு நாம் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் மக்காச்சோளமும் அரிசியும் சேர்ந்ததற்கும் தொடக்கத்தில் நேர்மையான காரணம் இருந்தது. ஜெர்மானியக் குடியேறிகளுக்கு அங்கே கிடைத்த ஆறு வரிசைப் பார்லியில் புரதம் அதிகம். தனியாகக் காய்ச்சினால் பீர் கனத்துக் கலங்கும். சோளமும் அரிசியும் சேர்ந்தால் தெளியும். 1876இல் அடால்ஃபஸ் புஷ் கொண்டுவந்த பட்வைசரில் அரிசி இருந்தது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. ஆகவே அரிசி சேர்ந்த பீரெல்லாம் கலப்படம் என்று பேசுபவர்களோடு நான் சேரமாட்டேன்.

கெட்டது நடந்தது வேறு விதத்தில். பந்தியில் ஆள் கூடக் கூட ரசத்தில் ஒவ்வொரு சொம்பாகத் தண்ணீர் விடுவது போல. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு பெரும்பாலான ஆலைகளை மூடிவிட்டது. பிழைத்த பெரிய ஆலைகள் ஒன்றையொன்று விழுங்கின. எல்லோருக்கும் பிடிக்க வேண்டும், யாருக்கும் பிடிக்காமல் போகக் கூடாது என்ற கணக்கில் ஹாப்ஸ் கொஞ்சம் குறைந்தது. யாரும் கவனிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் குறைந்தது. பில்சனின் மூல பீரில் கசப்பு ஏறக்குறைய 40 அலகு. இன்றைய அமெரிக்கப் பெருவணிக லாகர்களில் அது 10 அலகை ஒட்டி நிற்கிறது. நாக்கு கசப்பை உணரத் தொடங்கும் எல்லைக்குக் கொஞ்சம்தான் மேலே.

இந்தத் தேய்மானத்தின் முழுக் கதையையும் ஒரே நிறுவனத்தில் பார்க்கலாம். மில்வாக்கியின் ஷ்லிட்ஸ். ஒரு காலத்தில் அமெரிக்காவின் முதல் பெரும் ஆலை. 1970களிலும் இரண்டாம் இடத்தில் இருந்தது. செலவைக் குறைக்க மால்ட்டில் ஒரு பங்குக்குப் பதில் சோளப்பாகு வந்தது. நொதிக்கும் நாட்களைச் சுருக்கினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ருசி பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நேற்றைய பீரோடு ஒப்பிட்டார்களே ஒழிய, பத்தாண்டுக்கு முந்தைய பீரோடு ஒப்பிடவில்லை. சேர்மானங்களை லேபிளில் அச்சிடச் சட்டம் வரலாம் என்ற பயத்தில் 1976இல் பீரைத் தெளிய வைக்கும் பொருளையும் மாற்றினார்கள். புதிய பொருளும், நுரை நிற்பதற்காக ஏற்கெனவே சேர்த்துவந்த பொருளும் ஒத்துப்போகவில்லை. பாட்டில்களுக்குள் வெண்துணுக்குகள் மிதக்கத் தொடங்கின. உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று சொல்லிக் கொஞ்சநாள் தள்ளினார்கள். கடைசியில் சுமார் ஒரு கோடி பாட்டில்களையும் டின்களையும் திரும்ப அழைத்தார்கள். 1981இல் மில்வாக்கி ஆலை மூடப்பட்டது. 1982இல் டெட்ராய்ட்டின் ஸ்ட்ரோ நிறுவனம் ஷ்லிட்ஸை வாங்கியது. பின்னர் பெயர் பாப்ஸ்ட் என்ற இன்னொரு பீர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2008 வாக்கில் 1960களின் ஷ்லிட்ஸைத் திரும்பக் கொண்டுவர அவர்கள் விரும்பியபோது, எழுத்தில் செய்முறை கிடைக்கவில்லை. ஓய்வுபெற்ற பழைய காய்ச்சுநர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு, ருசியை மறுபடி கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. மனிதர்களின் நினைவில் மட்டும் மிச்சமிருந்த ஒரு பீர்! இதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபத்தைவிட துக்கம்தான்.

சரி, இன்றைய பெருவணிக லாகர்களை நான் குடிப்பேனா? குடிப்பேன். வெயிலில் நடந்து வந்து குடிக்கும் ஒரு கிளாஸுக்கு அவை போதும். பல ஆலைகளில் ஒரே ருசியைப் பிசகாமல் கொண்டுவருவது சாதாரண வித்தையல்ல. அந்தத் தொழிலாளர்களின் திறமைமேல் எனக்கு மரியாதை உண்டு. என் குறை அவர்களிடம் கேட்கப்பட்டதன்மேல். ஒரு லாகரின் தரத்தை அறிய எளிய வழி இருக்கிறது: கிளாஸில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். உறைகுளிரில் நாக்கு மரத்துப்போகும். எதுவும் எதுவாகவும் தெரியாது. குளிர் தணிந்ததும் நல்ல பில்ஸ்னரில் மால்ட் விரியும், ஹாப்ஸ் எழும். வெறும் லாகரில் ஈரமான அட்டைப்பெட்டி வாசமும் வேகவைத்த சோளத்தின் இனிப்பும் வெளியே வரும். பச்சை பாட்டிலையும் தவிர்த்துவிடுங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள்மேல் வெளிச்சம் பட்டால் கந்தகம் கலந்த, துர்நாற்றமடிக்கும் ஒரு சேர்மம் உருவாகிறது. பழுப்புக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுக்கும், பச்சை தடுக்காது. அந்தத் துர்வாசனையையே இறக்குமதி பீரின் லட்சணம் என்று நம்பிக் காசு கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரின் ஸ்ட்ராங் பீரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல முடிந்தால் மகிழ்வேன். முடியவில்லை. இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பங்கு அதுதான். ஆல்கஹால் 8 சதவீதம் வரை போகிறது. வரி ஏற ஏற, கொடுத்த காசுக்குப் போதை எவ்வளவு என்பதே கடையில் ஒரே கேள்வி ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்குச் சர்க்கரையால் பதில் சொல்கிறார்கள். லாகரின் உயிரே அதன் லேசான நடையும் உலர்ந்த முடிவும். இரண்டுமே இதில் இல்லை.

வலிமையும் ருசியும் சேரவே முடியாது என்றும் எண்ண வேண்டாம். இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியா மலையில் தொடங்கிய ஆலையின் வழிவந்தது. இன்று பியகமவில் காய்ச்சப்படுகிறது. கருப்பட்டியும் கடுங்காபியும் கறுத்த சாக்லேட்டும் தெரியும் அந்த பீரை, பீர் எழுத்தின் முன்னோடியான ஆங்கிலேயர் மைக்கேல் ஜாக்சன் உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதே ஆலைதான் தீவெங்கும் ஓடும் சாதாரண லயன் லாகரையும் செய்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால், பெரிய ஆலை என்பதாலேயே பீர் கெடாது என்று புரியும்.

பில்சனும் இன்று சிறிய ஊர்க்கூட்டு அல்ல. 2017 முதல் அது ஜப்பானின் அசாஹி நிறுவனத்துக்குச் சொந்தம். கொப்பரைக்கு அடியில் இன்னும் நெருப்பு எரிகிறது, மூன்று கொதி இன்னும் நடக்கிறது, சாஸ் ஹாப்ஸ் இன்னும் விழுகிறது. செலவுக் கணக்குப் பார்க்கும் யாரோ ஒருவர் மூன்று கொதியை இரண்டாக்கலாம் என்று ஒருநாள் சொல்லக்கூடும். முன்னும் பின்னும் ருசி பார்ப்பார்கள், பெரிய வித்தியாசம் தெரியாது. அன்று அந்த அறையில் வேண்டாம் என்று சொல்ல ஒரு காய்ச்சுநர் இருக்க வேண்டும். அவர் பேச்சு எடுபட, வித்தியாசம் தெரிந்து குடிப்பவர்கள் வெளியே இருக்க வேண்டும். லாகரை ஒட்டுமொத்தமாக இகழ்ந்து ஒதுங்கும் நண்பர்களிடம் நான் வழக்காடுவது இதற்காகத்தான்.

அடுத்த வாரம், வியன்னாவில் அன்டன் டிரேஹர் 1841இல் காய்ச்சிய செம்பு நிற லாகர், பிறந்த ஊரில் மறைந்து மெக்சிகோவில் பிழைத்துக்கொண்ட கதை.

(தொடரும்)