வீடியோ படுத்துக் கிடக்கிறதா? நிமிர்த்தும் வழி



கடந்த மழைக்காலத்தில் ஒரு சகோதரி, வீட்டைப் பழுதுபார்க்க உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்திருந்தார். கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். வீட்டின் நிலையை அவருடைய மகன் போனில் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். குழுக் கூட்டத்தில் அதைப் போட்டுப் பார்த்தோம். படம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. சுவரில் மேலிருந்து கீழாக இறங்கிய விரிசல், எங்களுக்குப் படுக்கைவாட்டில் தெரிந்தது. தரையில் விழுந்த வெடிப்பு என்று நினைத்து, "மழை விட்டதும் சிமெண்ட் பூசிக் கொடுக்கலாம்" என்று அடுத்த மாதத்துக்கு ஒத்தி வைத்தோம்.

இரண்டு நாள் கழித்து வேறு வேலையாக வந்த கொத்தனார் ஒருவர் அதே வீடியோவைப் பார்த்தார். போனைத் திருப்பிப் பிடித்தவர், "இது தரை இல்லை பாய், சுவர். வெளிப்பக்கம் சாய்ஞ்சு நிக்குது" என்றார். அன்றைக்கே அந்தக் குடும்பத்தை உறவினர் வீட்டுக்கு மாற்றினோம். ஒரு வாரம் ஆவதற்குள் சுவர் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒத்திவைப்புத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. போனைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். நிக்காஹ் வீடியோவை சவூதியிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. வஃபாத்தான அத்தாவின் குரலும் முகமும் ஒரே ஒரு வீடியோவில் மட்டும் மிஞ்சியிருக்கும் வீடுகளும் உண்டு. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று, தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஏன் சாய்கிறது?

போனுக்குள் இருக்கும் கேமரா சில்லு நீள்சதுரமானது. பெரும்பாலும் அதன் நீளப் பக்கம் போனின் நீளப் பக்கத்தோடு ஒத்து வைக்கப்பட்டிருக்கும். ஆகவே போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கும்போது, சில்லில் பதியும் படம் உண்மையில் படுத்துத்தான் இருக்கும். போன் அந்தப் படத்தைத் திருப்பி எழுதுவதில்லை. "இதைக் காட்டும்போது 90 டிகிரி திருப்பிக் காட்டவும்" என்று ஒரு சின்னக் குறிப்பை வீடியோ கோப்புக்குள் சேர்த்துவிடுகிறது. அந்தக் குறிப்பு 0, 90, 180, 270 என்ற நான்கில் ஒன்றாக இருக்கும்.

திராட்சைப் பெட்டியில் "இந்தப் பக்கம் மேல்" என்று அம்புக்குறி போட்டு லாரியில் ஏற்றுகிறோம் அல்லவா? அதுபோலத்தான். குறியைத் தப்பாகப் போட்டாலும் பெட்டி கவிழும். குறி சரியாக இருந்து, இறக்குபவர் அதைப் படிக்காவிட்டாலும் கவிழும். வீடியோ சாய்வதற்கும் இந்த இரண்டுதான் முக்கியக் காரணம்.

குறியைப் போடுவது யார்? போனுக்குள் முடுக்கமானி என்று ஒரு நுண்கருவி உண்டு. அதில் மிகச் சிறிய சிலிக்கான் எடை ஒன்று நுண்ணிய வில்களில் தொங்குகிறது. பூமி அதை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து, எது மேல், எது கீழ் என்று போன் தெரிந்துகொள்கிறது. இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, போனைத் தரைக்கு இணையாகப் பிடித்தால் இழுப்பு திரையின் முன் பின்னாகப் போய்விடும். நான்கு பக்கங்களில் எது மேல் என்று கருவிக்குத் தெரியாது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையை, விரித்த சஹனை, மேசையில் வைத்த பத்திரத்தை மேலிருந்து எடுக்கும் வீடியோக்கள் அதிகம் தவறுவது இதனால்தான்.

இரண்டாவது, பதிவுப் பொத்தானை அழுத்தும் அந்த நொடியில் போன் எப்படி இருந்ததோ, அதுவே முழு வீடியோவுக்கும் குறியாகிவிடும். நடுவில் போனைத் திருப்பினாலும் குறி மாறாது. நிக்காஹ் ஓதும்போது நிமிர்த்திப் பிடித்து ஆரம்பித்து, கூட்டத்தைக் காட்டப் பாதியில் போனைப் படுக்க வைத்தால், மீதி முழுவதும் சாய்ந்தே வரும்.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

வீடியோவைத் தொடும் முன் அதே வீடியோவை இன்னொரு போனில் போட்டுப் பாருங்கள்.

1. ஒரு போனில் சரியாகவும், டிவியிலோ பழைய கணினியிலோ சாய்ந்தும் தெரிந்தால், வீடியோவில் குறை இல்லை. போட்டுக் காட்டும் கருவி குறியைப் படிக்கவில்லை. பென் டிரைவில் போட்டு டிவியில் செருகும்போது இது அடிக்கடி நடக்கும். கணினியில் பலரும் பயன்படுத்தும் விஎல்சி மென்பொருளே 2015-ல் வந்த 2.2 பதிப்பில்தான் இந்தக் குறியைத் தானாகப் படிக்கத் தொடங்கியது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் புதுப்பித்தாலே போதும்.

2. எல்லாக் கருவிகளிலும் ஆரம்பம் முதல் முடிவு வரை சாய்ந்திருந்தால், குறி தவறு. இதைச் சரி செய்வது எளிது.

3. பாதி சரி, பாதி சாய்வு என்றால், நடுவில் போன் திரும்பியிருக்கிறது. இதை வெட்டி ஒட்ட வேண்டும்.

இன்னொன்று: போனைத் திருப்பினால் படம் பெரிதாகவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது வீடியோவின் குறை அல்ல. திரையைத் திருப்பும் 'ஆட்டோ ரொட்டேட்' வசதி அணைந்திருக்கும். திரையை மேலிருந்து கீழே இழுத்து அதைப் போட்டுக்கொள்ளலாம்.

நிமிர்த்தும் முறை

முழுதும் சாய்ந்த வீடியோவுக்குத் தனிச் செயலி எதுவும் தேவையில்லை. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் போட்டோஸைத் திறந்து, வீடியோவைத் தொட்டு 'எடிட்' என்பதை அழுத்துங்கள். அதில் 'கிராப்' என்ற பகுதியில், வளைந்த அம்புக்குறியோடு திருப்பும் பொத்தான் இருக்கும். ஒருமுறை அழுத்தினால் 90 டிகிரி திரும்பும். நேராகும்வரை அழுத்தி, 'சேவ் காப்பி' கொடுங்கள். பழையது அப்படியே இருக்க, நிமிர்ந்த நகல் ஒன்று தனியாகச் சேரும்.

சாம்சங் கேலரியில் பென்சில் குறியைத் தொட்டால் இதே வசதி வரும். அங்கே மூன்று புள்ளியைத் தொட்டு, நகலாகச் சேமிக்கும்படி கொடுங்கள். ஐபோனில், 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல், போட்டோஸ் செயலியிலேயே 'எடிட்', பிறகு 'கிராப்' வழியாகத் திருப்பலாம். வேண்டாம் என்றால் 'ரிவெர்ட்' கொடுத்து மூலத்துக்குத் திரும்பலாம்.

கணினியில் விஎல்சியில் பார்க்கும்போது கன்ட்ரோல் விசையோடு 'இ' எழுத்து விசையை அழுத்தி, வீடியோ எஃபெக்ட்ஸ், ஜியோமெட்ரி என்று போனால் திருப்பிப் பார்க்கலாம். இது பார்ப்பதற்கு மட்டும்தான், கோப்பு மாறாது. விண்ணப்பத்தோடு வந்த வீடியோவை உடனே நேராகப் பார்க்க இப்போது நாங்கள் இதைத்தான் செய்கிறோம்.

பாதி சாய்ந்த வீடியோவுக்கு இன்ஷாட் போன்ற தொகுப்புச் செயலி உதவும். சாயத் தொடங்கும் இடத்தில் 'ஸ்பிளிட்' கொடுத்து இரண்டு துண்டாக்கி, சாய்ந்த துண்டை மட்டும் திருப்பிச் சேமிக்க வேண்டும். ஒரு துண்டு உயரமாகவும் ஒன்று அகலமாகவும் இருப்பதால் ஓரத்தில் கருப்புப் பட்டை வரும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். பட்டையை மறைக்கப் படத்தைப் பெரிதாக்கினால் முகங்கள் வெட்டுப்படும்.

டிவியில் மட்டும் சாயும் வீடியோவுக்கு, மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் டிவியில் இணைத்து விஎல்சியில் போடுவதே சுலபம். பென் டிரைவில்தான் வேண்டும் என்றால், இன்ஷாட்டில் ஏற்றி அப்படியே மறுபடி சேமியுங்கள். படமே நிமிர்த்தி எழுதப்பட்டுவிடும். குறியைப் படிக்காத டிவியிலும் நேராக வரும்.

மூலத்தை அழிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். திருப்பிய நகல் வந்ததும், "ஒரே வீடியோ இரண்டு எதற்கு?" என்று முதலில் எடுத்ததை அழித்துவிடுகிறோம். செயலியில் மறுபடி எழுதப்படும் ஒவ்வொரு முறையும் படத்தின் தெளிவு கொஞ்சம் குறையும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பும்போதும் அது சுருக்கப்படுகிறது. ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த நகலைத் திருப்பாமல், எடுத்த போனில் இருக்கும் மூலத்தைத் திருப்பி, பிறகு அனுப்புங்கள். தெளிவு குறையக் கூடாதென்றால் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள்.

சட்ட விஷயத்தில் இது இன்னும் முக்கியம். லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் நடந்த விபத்தோ, வேலித் தகராறோ, வீடியோ ஒருநாள் சாட்சியமாகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் கைரேகை போன்ற 'ஹாஷ்' எண்ணும் அதில் இடம்பெறும். வீடியோவைத் திருப்பிச் சேமித்தாலே அந்த எண் மாறிவிடும். அப்படிப்பட்ட வீடியோ சாய்ந்திருந்தாலும் சாய்ந்தபடியே பத்திரமாக இருக்கட்டும். பார்ப்பதற்கு நகலைத் திருப்பிக்கொள்ளலாம்.

வீட்டுப் பெண்களின் வீடியோ ஓர் அமானிதம்

இணையத்தில் 'வீடியோவை ஏற்றுங்கள், இலவசமாகத் திருப்பித் தருகிறோம்' என்று சொல்லும் தளங்கள் பல உண்டு. அங்கே ஏற்றுவது என்பது நம் வீட்டு வீடியோவை முன்பின் தெரியாதவரின் கணினியில் கொண்டு போய் வைப்பதாகும். கடையில் போனைக் கொடுத்துவிட்டு வருவதும் அப்படித்தான். மேலே சொன்ன வேலைகள் எல்லாம் நம் போனிலேயே முடியக்கூடியவை. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

எடுக்கும்போதே கவனித்தால்

போனை வேண்டிய பக்கம் பிடித்து இரண்டு நொடி பொறுங்கள். கேமரா திரையின் ஓரத்தில் இருக்கும் சின்னங்கள் உங்கள் பார்வைக்கு நேராகத் திரும்பிவிட்டனவா என்று பார்த்து, பிறகு பொத்தானை அழுத்துங்கள். மேலிருந்து கீழே எடுக்க வேண்டியிருந்தால், முதலில் போனை நிமிர்த்திப் பிடித்துப் பதிவைத் தொடங்கி, அதன்பின் கீழே சாயுங்கள். நடுவில் திருப்ப வேண்டியிருந்தால், பதிவை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். 'பாஸ்' கொடுத்துத் தொடர்ந்தால் பழைய குறியே நீடிக்கும். டிவியில் பார்ப்பதற்குப் படுக்கைவாட்டம், போனில் பார்ப்பதற்கு நிமிர்ந்த வாட்டம் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டுப் பழுதுக்காக விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடியோவில் ஓர் ஆள் சுவரருகே நிற்பதுபோல் எடுங்கள். எது மேல், எது கீழ், விரிசல் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். எங்கள் பங்குக்கு, வீடியோவை மட்டும் பார்த்து எந்த விண்ணப்பத்தையும் இனி ஒத்திவைப்பதில்லை; குழுவிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

பழைய குடும்ப வீடியோக்களை நிமிர்த்த முடியாமல் வைத்திருப்பவர்கள், ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். உங்கள் கையாலேயே செய்யும்படி சொல்லித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்