சோயாவுக்குள் 534 எழுத்துகள்

மரபணு மாற்றப் பயிரைச் சந்தைக்கு விடும் முன் அன்றும் இன்றும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: வெளியிலிருந்து செலுத்திய மரபணு எங்கே போய் உட்கார்ந்தது, எத்தனை படியாக (நகலாக), முழுசாகவா துண்டுதுண்டாகவா? பதில் தேடும் விதம்தான் அடியோடு மாறிவிட்டது.

1990-களில் எட்வின் சதர்ன் 1975-இல் வெளியிட்ட முறைதான் துணை. இலையை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்து, நொதியால் நறுக்கி, அகரோஸ் கூழில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிடுவார்கள். கூழின் மேல் நைலான் சவ்வு, அதன்மேல் ஒரு கட்டு உறிஞ்சுதாள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாரம். ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கும். பிறகு கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய தேடுதுண்டைச் சவ்வில் ஒட்டவிட்டு, எக்ஸ்ரே படலத்தோடு உறைபெட்டியில் நாள்கணக்கில் வைத்தால் கறுப்புப் பட்டைகள் விழும். ஒரு பட்டை என்றால் பெரும்பாலும் ஒரு படி. துண்டு சிறியதாக இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

தப்பியும் இருக்கிறது. மான்சாண்டோவின் களைக்கொல்லி தாங்கும் 40-3-2 சோயா 1996-இல் அமெரிக்க வயல்களுக்கு வந்தது. மரபணு ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பதாகவே முதலில் விவரம் தரப்பட்டது. அதே மரபணுவின் சின்னத் துண்டுகள் இரண்டு கூடுதலாக ஒட்டியிருப்பதை 2000-இல் நிறுவனமே தெரிவித்தது. ஒன்றின் நீளம் டி.என்.ஏ.வின் வெறும் 72 எழுத்து. அடுத்த ஆண்டு பெல்ஜியத்து ஆய்வாளர்கள் செருகலின் ஓரத்தில், அறியப்பட்ட எந்த வரிசையோடும் பொருந்தாத 534 எழுத்துகளைக் கண்டார்கள். செருகும்போது சோயாவின் சொந்த டி.என்.ஏ.வே கலைந்துபோனதாகப் பிற்பாடு கருதப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் மறுபடி ஆராய்ந்தும் அந்தச் சோயாவில் ஆபத்து காணவில்லை. ஆனால் அந்த 534 எழுத்து வெளிச்சத்துக்கு வருமுன்பே பயிர் பல கோடி ஏக்கரில் விளைந்துவிட்டது. என்னை உறுத்துவது அதுதான்.

இப்போதைய வழி, மரபணுத்தொகை முழுவதையும் படித்துவிடுவது. சோயாவின் மரபணுத்தொகை சுமார் 110 கோடி எழுத்து. 2012-இல் வெளியான முறைப்படி, வரிசைப்படுத்தும் கருவி ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 75 தடவை படிக்கிறது. பாதி சோயாவும் பாதி வெளி மரபணுவுமாக இருக்கும் துண்டுகளைக் கணினி பொறுக்கியெடுக்கும். ஒரு செருகலுக்கு இரண்டு ஓரம்; மூன்றாவது ஓரம் தென்பட்டால் அங்கேயே விசாரணை. 72 எழுத்துத் துண்டு இதில் ஒளிந்துகொள்வது கடினம்.

எழுத்து தெரிந்தாலும் உடம்பில் அது என்ன செய்யும் என்பது தெரிந்துவிடாது. பிரேசில் கொட்டையின் மரபணு சேர்த்த சோயா ஒவ்வாமை தரும் என்று 1996-இல் காட்டிக்கொடுத்தது, அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தச் சீரம். அந்தச் சோயா கடைக்கு வரவே இல்லை. அந்தச் சீரச் சோதனைக்கு இன்றும் மாற்று இல்லை என்பதே என் எண்ணம்.

இன்னொன்று. 534 எழுத்தைக் கண்டவர்கள் விதை விற்றவர்கள் அல்லர். இன்று வாசிப்புத் தரவு முழுதும் கணினிக் கோப்பு. கையில் கிடைத்தால் எந்தப் பல்கலைக்கழக ஆய்வாளரும் மறுபடி சரிபார்க்கலாம். 2021-இல் கால்நடைத் தீவனத்துக்காக 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கை இறக்க இந்தியா அனுமதித்தது. இப்படி அனுமதி கேட்டு வருகிறவர்கள் மூலத் தரவையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று நம் அரசு கேட்டுவாங்க வேண்டும்.