'எஸ்ஆர்' மாத்திரையை ஏன் நுணுக்கக் கூடாது? விடை தந்த பார்மசி பேராசிரியர்

வீட்டில் பெரியவர்கள் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ போடும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், இஆர், எக்ஸ்ஆர் என்று ஏதாவது இருக்கலாம். 'மாத்திரை பெருசா இருக்கு, தொண்டையில இறங்கல' என்பதற்காக அதை நுணுக்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறீர்களா? உடனே நிறுத்துங்கள்.

ஏன் என்று புரிய, டகேரு ஹிகுச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இவர்?

1918-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். 1943-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். படித்தது வேதியியல், பாடம் எடுத்தது பார்மசி மாணவர்களுக்கு. விஸ்கான்சினில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்துவிட்டு, 1967-ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1987-ல் காலமானார்.

'எந்த மருந்து' என்பதோடு, 'அது எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது' என்பதையும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும் என்று காட்டியதுதான் அவருடைய பெரிய பங்களிப்பு.

களிம்பில் தொடங்கிய கணக்கு

1961-ல் அவர் எழுதிய கட்டுரை மாத்திரை பற்றியதே அல்ல. களிம்பில் கலந்திருக்கும் மருந்து எப்படி வெளியேறுகிறது என்பது பற்றியது. 1963-ல் அதே சிந்தனையை மெதுவாக மருந்து விடும் திட வடிவங்களுக்கும் விரித்தார். அதுதான் இன்று பார்மசி மாணவர்கள் படிக்கும் 'ஹிகுச்சி சமன்பாடு'.

விஷயம் சிம்பிள். மேற்பரப்பில் இருக்கும் மருந்து முதலில் கரைந்து வெளியேறும். உள்ளே இருப்பது வெளியே வர நீண்ட தூரம் கடக்கணும். அதனால் நேரம் ஆக ஆக வேகம் குறையும். முதல் 1 மணி நேரத்தில் ஒரு பங்கு வெளியேறினால், 2 பங்கு ஆக மொத்தம் 4 மணி நேரம், 3 பங்கு ஆக 9 மணி நேரம் பிடிக்கும்.

நுணுக்கினால் என்ன ஆகும்?

அந்தத் 'தூரம்' காணாமல் போய்விடும். 12 அல்லது 24 மணி நேரத்துக்குப் பிரித்துக் கிடைக்க வேண்டிய மருந்து மொத்தமாக ரத்தத்தில் இறங்கலாம். பிரஷர் மாத்திரை என்றால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியலாம். அதோடு, மிச்ச நேரத்துக்குப் போதுமான மருந்தும் இருக்காது.

எல்லா எஸ்ஆர் மாத்திரையும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சிலவற்றில் மேலே பூசிய படலம்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. நடுவில் கோடு போட்ட சிலவற்றை இரண்டாக உடைக்கலாம். ஆனால் அவற்றையும் நுணுக்கவோ மெல்லவோ கூடாது.

அப்போ என்ன செய்யணும்?

விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடமோ பார்மசிஸ்ட்டிடமோ சொல்லுங்கள். சிரப்பாகவோ, சின்ன மாத்திரையாகவோ மாற்றித் தர வழி இருக்கலாம். கடையில் மாத்திரை வாங்கும்போதே, 'இதை உடைக்கலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.