மகரக்கட்டு ஏன் உடைகிறது?

நேற்றுவரை கணீரென்று பாடிய பையனின் குரல் 12, 13 வயதுக்குமேல் கரகரக்கிறது; பேச்சின் நடுவே கீச்சிடுகிறது. இதைத்தான் மகரக்கட்டு உடைவது என்கிறோம். ஏன்?

பருவ வயதில் அதிகமாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனால் குரல்வளை வேகமாக வளர்கிறது. அதன் குருத்தெலும்பு கழுத்தின் முன்பக்கம் புடைத்துத் தெரிகிறது. உள்ளே குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையின் தடித்த தந்தியைப்போல அவை மெதுவாக அதிர்கின்றன: சிறுவயதில் நொடிக்குச் சுமார் 250 முறை அதிர்ந்தவை, வளர்ந்த ஆணிடம் சுமார் 120 முறையே அதிரும். இந்தப் புதிய அளவுக்குத் தசைகளும் மூளையும் பழகும்வரை குரல் தடுமாறும்.

பெண்பிள்ளைகளின் குரலும் மாறும். மாற்றம் சிறியது என்பதால் வெளியே அதிகம் தெரிவதில்லை.

இது நோயல்ல, வளர்ச்சி. பெரும்பாலும் சில மாதங்களில் சீராகிவிடும். அதுவரை பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். உச்சத்தில் பாடச்சொல்லி வற்புறுத்தாதீர்கள்.