யாருடைய டேட்டாபேஸ் நிலைக்கும்?

1990-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் 101 நெடுஞ்சாலையில், டேட்டாபேஸ் நிறுவனமான ஆரக்கிளின் தலைமையகத்துக்கு அருகே ஒரு விளம்பரப் பலகை நின்றது. டைனோசர்கள் நடமாடும் பகுதி, எச்சரிக்கை என்று வண்டியோட்டிகளுக்கு அது சொன்னது. பலகையை வைத்தது போட்டி நிறுவனமான இன்ஃபார்மிக்ஸ். டைனோசர் என்று சொன்னது ஆரக்கிளை. வெற்றுச் சவடால் என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. பல செயலிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பதில் இன்ஃபார்மிக்ஸின் திறமையைத் துறையே மெச்சிய காலம் அது.

2001-ல் இன்ஃபார்மிக்ஸின் டேட்டாபேஸ் தொழிலை ஐபிஎம் 100 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஆரக்கிள் இன்றும் கோலோச்சுகிறது.

இன்ஃபார்மிக்ஸைக் கவிழ்த்தது கணக்குப் புத்தகம். மறுவிற்பனையாளர்களிடம் லைசென்ஸ்களைத் தள்ளிவிட்டு, அவை கடைசி வாடிக்கையாளரைச் சேரும் முன்பே வருமானமாக எழுதிக்கொண்டார்கள். தேவையில்லை என்றால் திருப்பித் தரலாம் என்று மறைவாக உடன்பாடுகளும் இருந்தன. 1997-ல் குட்டு உடைந்தது. லாபம் காட்டிய 1996-ம் ஆண்டு, திருத்திய கணக்கில் நட்டமானது. தலைமைச் செயல் அதிகாரி ஃபில் வைட் பின்னாளில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

ஆனால் ஆரக்கிளும் 1990-ல் இதே பள்ளத்தில் விழுந்ததுதான். அங்கேயும் விற்பனையை முன்கூட்டியே கணக்கில் ஏற்றினார்கள். ஆட்குறைப்பு வரை போனது. புதிய நிர்வாகிகளாலும் 1992-ல் வந்த ஆரக்கிள் 7 பதிப்பாலும் மீண்டது. வாடிக்கையாளர்கள் எளிதில் விலக முடியாததும் ஒரு காரணம் என்பேன்.

விலகுவது ஏன் அவ்வளவு கடினம்? ஓர் உதாரணம். எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தை ஆரக்கிள் 'நல்' என்றே, அதாவது மதிப்பே இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் இரண்டையும் வேறுவேறாகப் பார்க்கும். இருபது ஆண்டுகளாக எழுதிக் குவித்த நிரலில், இந்த ஒரு வேறுபாட்டுக்காக மட்டுமே ஒவ்வொரு வரியையும் துருவ வேண்டும். அமேசானே பல ஆண்டுகள் உழைத்த பிறகுதான், ஏறக்குறைய 7,500 ஆரக்கிள் டேட்டாபேஸ்களை விட்டு வெளியேறிவிட்டதாக 2019-ல் அறிவித்தது. ஒரு நிறுவனம் நீடித்து நிற்பதும், அதை நம்பியவர் சுதந்திரமாக இருப்பதும் ஒன்றல்ல.

இன்ஃபார்மிக்ஸ் கதையில் ஒரு கிளை உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-ல் தொடங்கிய போஸ்ட்கிரஸ் ஆய்விலிருந்து இலஸ்ட்ரா என்ற நிறுவனம் பிறந்தது. அதை இன்ஃபார்மிக்ஸ் வாங்கிக்கொண்டது. அதே ஆய்வின் திறந்த நிரலைத் தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். 1996-ல் அதற்கு போஸ்ட்கிரஸ்க்யூஎல் என்று பெயர் வந்தது. முதலாளி இருந்த கிளை விலைபோனது. முதலாளி இல்லாத கிளை இன்று உலகெங்கும் ஓடுகிறது. 2020-ல் ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கியதால், போஸ்ட்கிரஸ் மையக் குழுவில் ஒரே நிறுவனத்தின் ஆட்கள் பாதிக்கு மேல் ஆகிவிட்டார்கள். குழு விரைவிலேயே அந்த நிறுவனத்துக்கு வெளியிலிருந்து இருவரைச் சேர்த்துச் சமன்செய்தது. வேகப் பரிசோதனை முடிவுகளைவிட இந்தச் செய்திதான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, உரிமம் யார் கையில் என்பதும் முக்கியம். ரெடிஸ் என்ற டேட்டாபேஸின் நிறுவனம் 2024 மார்ச்சில் உரிம விதிகளை இறுக்கியது. அடுத்த சில நாட்களில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற கிளை முளைத்துவிட்டது. பழைய நிரல் திறந்த உரிமத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

நிறுவனத்தோடு மென்பொருளும் செத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இன்ஃபார்மிக்ஸை மேம்படுத்தும் பொறுப்பை 2017-ல் ஐபிஎம், ஷிவ் நாடார் நிறுவிய எச்சிஎல்லிடம் கொடுத்தது. ஆனால் அந்த முடிவில் வாடிக்கையாளருக்குப் பங்கு இல்லை.

டேட்டாபேஸ் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்க வருபவர் காட்டும் வேக வரைபடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அவரது நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் உரிம ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். கையெழுத்திடும் முன், உங்கள் தரவின் ஒரு பகுதியை அதில் ஏற்றி, வேறொரு டேட்டாபேஸுக்கு மாற்றிப் பாருங்கள். எத்தனை நாள் ஆயிற்று என்பதைக் கோப்பில் எழுதிவையுங்கள்.