பழைய பஞ்சாங்கமும் பழைய கைநூலும்

இடம்பெயரும்போது முதலில் கைவிடப்படுவது புத்தகம். 2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் படுவான்கரையிலிருந்து வாவி கடந்து ஆரையம்பதிப் பக்கம் வந்த குடும்பங்கள் அடையாள அட்டையையும் காணி உறுதியையும்தான் தேடி எடுத்தன. அது இயல்பு. பின்னர் நல்ல மனதுள்ளோர் பெட்டி பெட்டியாக நூல்களை அன்பளிப்புச் செய்கின்றனர். கலைக்களஞ்சியம், விவசாயக் கைநூல், முதலுதவி நூல் எனப் பலவும் அவற்றில் இருக்கும். எதை வீட்டில் வைத்திருப்பது, எதை வாசிகசாலைக்குக் கொடுப்பது?

இதை மதிப்பிடப் படித்தவர் யாராவது வரவேண்டும் என்று எண்ண வேண்டாம். பஞ்சாங்கம் பார்க்கும் எவருக்கும் இது தெரியும். தேவையான நாளைப் புரட்டினால் விடை கிடைக்க வேண்டும். வருடம் முடிந்தால் அதை ஒருவரும் நம்புவதில்லை. ஆனால் அச்சிட்ட ஏனைய நூல்களிடம் மட்டும் நாம் வருடத்தைக் கேட்பதில்லை.

விவசாயக் கைநூலை எடுத்துக்கொள்வோம். தமிழில் கிடைப்பவற்றில் பல தமிழ்நாட்டில் அச்சிடப்பட்டவை. நல்ல தமிழ், நல்ல படங்கள். ஆயினும் அவை குறுவை, சம்பா, தாளடி என்று தஞ்சாவூர்ப் பருவங்களையும், ஆடுதுறை, கோயம்புத்தூர் நெல்லினங்களையும் பேசுகின்றன. எமக்கோ மாரி வேளாண்மை, கோடை வேளாண்மை. விதைப்பது பத்தலகொடையிலிருந்து வந்த பிஜி இனங்கள். பிஜி 300 மூன்று மாதம், பிஜி 352 மூன்றரை மாதம், பிஜி 400 நான்கு மாதம். இதைச் சொல்லாத நூல் எவ்வளவு தடித்திருந்தாலும் எமது வயலுக்கு அரைப் புத்தகமே.

இலங்கையில் அச்சிட்டதென்றாலும் ஆண்டைப் பாருங்கள். பழைய கைநூல்களில் பூச்சிக்குப் பரிந்துரைக்கப்பட்ட மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகிய நாசினிகள் இங்கு 1995இல் தடை செய்யப்பட்டன. எண்டோசல்பான் 1998இல் நிறுத்தப்பட்டது. மனிதரைக் கொல்லும் நஞ்சு என்பதே காரணம். அந்தப் பக்கங்களைப் பேனாவால் குறுக்கே வெட்டிவிட்டு மற்றவற்றை வாசிக்கலாம். பசளை, நாசினி பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்பதே நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானது பாம்புக் கடி. முன்னைய முதலுதவி நூல்கள் பல, கடிவாயைக் கீறி இரத்தத்தை உறிஞ்சும்படியும், மேலே இறுக்கிக் கட்டும்படியும் கூறின. இவை தீங்கு என்பது இன்றைய மருத்துவத்தின் முடிவு. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். புடையன் கடித்த ஒருவரிடம் பழைய நூலைப் பிரித்துப் படித்தால் அந்த நூலே இரண்டாவது பாம்பு.

அப்படியானால் நல்ல நூல் எப்படி இருக்கும்? வைத்தியர் இல்லாத இடத்துக்கென்றே டேவிட் வேர்னர் எழுதிய கைநூல் ஓர் உதாரணம். அவர் வைத்தியர் அல்லர், உயிரியல் ஆசிரியர். மெக்சிக்கோ மலைக்கிராமத்து மக்களுடன் வேலை செய்து 1973இல் ஸ்பானிய மொழியிலும், 1977இல் ஆங்கிலத்திலும் வெளியிட்டார். தமிழிலும் வந்துள்ளது. எழுத்து வாசிக்காதவரும் படத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம். பொருளகராதியை மஞ்சள் நிறப் பக்கங்களில் தனியாக வைத்திருக்கிறார்கள். குப்பி விளக்கில் பதற்றத்தோடு தேடுகிறவரை நினைத்துச் செய்த வேலை அது. ஆனாலும் இதற்கும் பதிப்பு ஆண்டு உண்டு. புதிய பதிப்பையே கேட்டு வாங்குங்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பாடசாலை செல்லும் பிள்ளையிடம் நூலைக் கொடுத்து, "வயிற்றோட்டத்துக்கு என்ன கொடுப்பது?" என்று கேளுங்கள். கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இது போன்ற விடையைப் பிள்ளை விரைவில் கண்டெடுத்து உரத்து வாசித்தால், கேட்ட அம்மாவுக்கும் விளங்கினால், நூலை வைத்துக்கொள்ளலாம். பெரியசாமித் தூரனின் கலைக்களஞ்சியம், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த பெருமுயற்சி, இந்தச் சோதனைக்கென எழுதப்பட்டதல்ல. அது வாசிகசாலையில் இருக்கட்டும். பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கட்டும்.

வைத்துக்கொள்ளும் நூலின் முன் அட்டையின் உட்புறம் வெறுமையாக இருக்கும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட முன்னர் நோயாளியைத் துறையில் வைத்துக்கொண்டு தோணிக்குக் காத்திருந்தோம். இப்போது இலவச அம்புலன்ஸை அழைக்கலாம். பழைய நூல் எதிலும் இல்லாத அந்த எண்ணை அங்கே பெரிதாக எழுதுங்கள்: 1990.